ஒரு மருவில் ஊசி



விரலோரத்தில், நகக்கண்ணில், உள்ளங்காலில் சொரசொரவென்று முளைக்கும் மருவுக்கு நம் ஊரில் செய்யாத வைத்தியம் இல்லை. குதிரை முடியால் இறுக்கிக் கட்டுவார்கள். சுண்ணாம்பு வைப்பார்கள். கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுவார்கள். தோல் மருத்துவரிடம் போனால் ஆசிட் தடவுவார், மின்சாரத்தால் சுடுவார், திரவ நைட்ரஜனால் உறைய வைப்பார். பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். சிலருக்கு மட்டும் ஒன்றை எடுத்தால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும்.

இவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் இப்போது போட்டுப் பார்ப்பது, குழந்தைகளுக்குப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசி. அது தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்கானது. மருவை உண்டாக்குவதோ எச்.பி.வி. என்னும் வேறொரு வைரஸ். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இருப்பதிலேயே பெரிய மருவாகப் பார்த்து, அதற்குள் அரை மில்லி வரை மருந்தை ஏற்றுவார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, சில தடவை. ஊசி ஏறிய மரு சுருங்குவதில் எனக்கு வியப்பில்லை. வலது கட்டைவிரலில் குத்திய மருந்துக்கு, ஊசியே படாத இடது பாதத்து மருவும் பலருக்குச் சேர்ந்து மறைகிறதே, அதுதான் என்னை அசர வைக்கிறது.

மரு வைரஸ் தோலின் மேலடுக்கைத் தாண்டுவதில்லை, ரத்தத்தில் கலப்பதுமில்லை. திருடன் திண்ணையிலேயே படுத்துக்கொண்டால் வீட்டுக்குள் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? தடுப்பூசி மருந்து அப்படியல்ல. சின்ன வயதிலேயே அதைச் சந்தித்துப் பழகிய உடம்பு, மருவுக்குள் அது இறங்கியதும் வெள்ளணுக்களை அங்கே திரட்டுகிறது. வந்த இடத்தில் அவை மரு வைரஸையும் அடையாளம் கண்டு, பிறகு உடம்பெங்கும் அதைத் தேடிப் போகின்றன என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம்.

காசநோய்க்கான பி.சி.ஜி.யையும் இப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். டெல்லியில் டாக்டர் ஜி.பி. தல்வார் குழுவினர் தொழுநோய்க்காக உருவாக்கிய தடுப்பூசியும் மரு சிகிச்சைக்கு வந்திருக்கிறது.

எல்லோருக்கும் இது பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். மரு தானாகவே உதிர்வதும் உண்டு; ஆய்வுகளில் வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் சிலருக்கும் அது மறைந்திருக்கிறது. ஊசி போடும்போது நன்றாகவே வலிக்கும், சிலருக்குக் காய்ச்சல் வரலாம். எம்.எம்.ஆர்., பி.சி.ஜி. இரண்டிலும் இருப்பவை வீரியம் குறைத்த உயிருள்ள கிருமிகள். ஆகவே கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும், அதைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு இந்த ஊசிகள் கூடாது.