கைநாட்டும் பின் நம்பரும்

(வெள்ளறடையில் மாலை வகுப்பில் பேசியது)



இன்று எழுத்துப் பாடம் இல்லை. கணக்குப் பாடமும் இல்லை. உங்கள் கையில் இருக்கும் போனைப் பற்றிப் பேசப் போகிறேன். முன்பு அதில் பேச மட்டும் செய்தோம். இப்போது அதற்குள் நம் பணமும் இருக்கிறது. ரப்பர் ஷீட் விற்ற காசு போனில் வருகிறது. சந்தையில் மீன் வாங்கினால் போனில் கொடுக்கிறோம். பனச்சமூட்டுச் சந்தையில் மரச்சீனி விற்கும் பாட்டியும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார். அந்தக் கட்டத்துக்குப் பெயர் கியூஆர் கோடு.

இந்தப் பணம் பத்திரமாக இருக்கிறதா? இதைக் கையாள நாம் தயாரா?

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நம் வகுப்பில் ஒரு அக்கா படித்தார். பெயர் வேண்டாம். அவர் ஆடு வளர்க்கிறவர். ஒரு கிடாவை விற்க நினைத்தார். மகன் அதைப் படம் பிடித்துப் போனில் போட்டான். மறுநாள் ஒரு அழைப்பு வந்தது. "நான் பட்டாளத்துக்காரன். ஆடு பிடித்திருக்கிறது. விலை பேச வேண்டாம். முன்பணம் 8,000 ரூபாய் இப்போதே அனுப்புகிறேன்" என்று ஒருவன் சொன்னான். நல்ல மலையாளம். மரியாதையான பேச்சு. "சேச்சி" என்றுதான் கூப்பிட்டான்.

பிறகு ஒரு கட்டப் படத்தை அனுப்பினான். "இதை ஸ்கேன் செய்யுங்கள். பின் நம்பரைப் போடுங்கள். பணம் வந்துவிடும்" என்றான். அக்கா ஸ்கேன் செய்தார். நான்கு எண்ணையும் போட்டார். 8,000 ரூபாய் வரவில்லை. 8,000 ரூபாய் போயிற்று. குடும்பஸ்ரீயில் கடன் வாங்கி வைத்திருந்த பணம் அது.

இதில் என் தவறு என்ன? அந்தப் போனில் பின் நம்பர் வைத்துக் கொடுத்தது நான்தான். "இங்கே அழுத்து, அடுத்து இங்கே அழுத்து, நான்கு எண்ணைப் போடு" என்று சொல்லிக் கொடுத்தேன். அக்காவும் சரியாக அழுத்தப் பழகிவிட்டார். ஆனால், அழுத்தும் முன் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க நான் சொல்லித் தரவில்லை. 'இவருக்கு இவ்வளவு பணம் கொடுக்கிறீர்கள்' என்றுதான் அங்கே எழுதியிருந்தது. எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. அக்காவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். மலையாளமும் கூட்டி வாசிப்பார். அந்தப் போனிலேயே தமிழை மாற்றி வைக்க வழி இருந்தது. நான் மாற்றிக் கொடுக்கவில்லை.

அக்காவும் நன்றாக யோசிக்கிறவர்தான். பின்னே ஏன் ஏமாந்தார்? நானும் பல நாள் இதை நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தோன்றிய காரணத்தைச் சொல்கிறேன்.

நாம் எப்போதெல்லாம் கையெழுத்துப் போடுகிறோம்? கூலி வாங்கும்போது போடுகிறோம். பென்ஷன் வாங்கும்போது போடுகிறோம். வேலை உறுதித் திட்டத்தில் பேர்ப் பதிவுக்குப் போடுகிறோம். நம்மைப் போன்றவர்களுக்குக் கையெழுத்து என்றால் பணம் வாங்குவதற்கானது. அதற்கு முன்னே கைநாட்டும் அப்படித்தான். அதனால் ஒருவன் "பணம் வாங்கப் பின் நம்பர் போடு" என்றால் நமக்கு அது சரி என்றே படுகிறது.

பின் நம்பர் அந்த மாதிரிக் கையெழுத்து இல்லை. அது காசோலையில் போடும் கையெழுத்து. வசதி உள்ளவர்கள் காசோலை எழுதிப் பழகியவர்கள். நாம் பழகவில்லை. காசோலையில் கையெழுத்துப் போட்டால் நம் பணம் வெளியே போகும். பின் நம்பரும் அப்படித்தான். பணம் அனுப்பும்போது கேட்கும். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும்போது கேட்கும். பணம் வாங்க ஒருபோதும் கேட்காது. உங்களுக்கு ஒருவர் பணம் அனுப்பினால் நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம். போன் மேசையில் கிடந்தாலும் பணம் வந்து சேரும்.

முன்பெல்லாம் இன்னொரு வேலையும் செய்வார்கள். ஒருவர் போனிலிருந்து மற்றவர் போனுக்குப் 'பணம் தா' என்று ஒரு கேள்வியை அனுப்புவார்கள். அதைப் பணம் வருகிறது என்று நினைத்துப் பலர் அழுத்திவிட்டார்கள். ஆட்களுக்கு இடையே இப்படிக் கேட்கும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் ஏமாற்றுகிறவன் வேலையை நிறுத்தவில்லை. கட்டப் படத்தைப் பிடித்துக்கொண்டான்.

இந்த முறைக்கு யுபிஐ என்று பெயர். தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் 2016-ல் இதைக் கொண்டு வந்தது. 2025 ஆகஸ்டு மாதம் மட்டும் நாடு முழுவதும் 2,000 கோடி முறை இதில் பணம் கைமாறியது. இதற்கு இரண்டு பூட்டு உண்டு. ஒன்று, உங்கள் போனும் அதில் கிடக்கும் சிம்மும். மற்றது, பின் நம்பர். தூரத்தில் இருக்கும் திருடன் உங்கள் பின் நம்பரை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. உங்கள் போனும் வேண்டும். பூட்டு நல்ல பூட்டுதான். அதனால்தான் அவன் பூட்டை உடைக்க வருவதில்லை. நம்மையே திறக்கச் சொல்கிறான்.

ஒருவன் வங்கி என்பான். ஒருவன் போலீஸ் என்பான். "உன்னைப் போனிலேயே கைது செய்திருக்கிறேன், அறையை விட்டு வெளியே போகாதே" என்று மிரட்டுகிறவனும் உண்டு. போனில் கைது என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். இப்படி அழைப்பு வந்தால் வைத்துவிடுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இனி விரல் ரேகை. சிலர் சின்ன மெஷினில் விரலை வைத்துப் பணம் எடுக்கிறீர்கள். வங்கிக்குப் போகாமல் கடையிலேயே ஆதார் வைத்து எடுப்பது. பாருங்கள், கைநாட்டை விட்டுவிடத்தான் எழுதப் படித்தோம். 1991 ஏப்ரல் 18-ல் கோழிக்கோட்டில், புதிதாக எழுதப் படித்த சேலக்கோடன் ஆயிஷா மேடையேறி, கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது என்று அறிவித்தார். இப்போது அதே கட்டைவிரல் வேறு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

நம் ஊரில் பால் வெட்டுகிறவர்களின் விரல் தேய்ந்திருக்கும். ஷீட் அடிக்க ஆசிட் தொட்ட விரல் வேறு. மெஷின் ஒரு தடவையில் எடுக்காது. "இன்னொரு தடவை வையுங்கள்" என்பார்கள். அப்போது கேளுங்கள். முதல் தடவை பணம் எடுத்ததா, இல்லையா? எவ்வளவு தொகை போட்டிருக்கிறீர்கள்? அதைக் காட்டச் சொல்லுங்கள். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் எல்லோரும் திருடர் என்று நான் சொல்லவில்லை. கேட்டு வாங்குவது நம் உரிமை. 2023-ல் சில மாநிலங்களில் நிலப் பத்திரத்தில் இருந்த ரேகையை நகல் எடுத்தே பணம் திருடினார்கள். விரல் வைத்துப் பணம் எடுக்காதவர்கள் ஆதாரில் ரேகையைப் பூட்டி வைக்கலாம். வேண்டும்போது திறந்துகொள்ளலாம். அக்ஷயா மையத்தில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

நாம் தயாரா என்றும் கேட்டேன் இல்லையா? 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தில் 86 சதவீதம் அந்த நோட்டுகள். நம் பக்கத்தில் பலருக்குக் கணக்கு இருந்தது கூட்டுறவுச் சங்கத்தில். அங்கே பழைய நோட்டை மாற்ற அனுமதி கிடைக்கவில்லை. நான் அப்போது பள்ளிப் பிள்ளை. ஷீட் இருந்தும் வாங்கக் கடைக்காரரிடம் காசு இல்லாத நாட்கள் நினைவில் இருக்கிறது. அன்று யாரும் தயாராக இல்லை. தயார் செய்யாமல் தள்ளிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

தயார் செய்வது எப்படி என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு ஊர் இருக்கிறது. நெடுமங்காடு பக்கம் புல்லம்பாறைப் பஞ்சாயத்து. வேலை உறுதித் திட்டச் சம்பளம் வந்ததா என்று பார்க்கவே அங்கே பெண்கள் வேலையை விட்டு வங்கியில் வரிசை நின்றார்கள். அன்றைய கூலி போயிற்று. பஞ்சாயத்து இதைக் கவனித்தது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். வேலை செய்யும் இடத்திலும் வீட்டுத் திண்ணையிலும் வைத்துப் போனைச் சொல்லிக் கொடுத்தார்கள். படித்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். 2022 செப்டம்பரில் அது முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற பஞ்சாயத்து ஆயிற்று. அதைப் பார்த்து மாநிலம் முழுவதும் செய்தார்கள். 2025 ஆகஸ்டு 21-ல் கேரளம் முழுவதையும் அப்படி அறிவித்தார்கள். நம் அக்கா இழந்த பணத்தை நினைக்கும்போது, அறிவித்ததோடு வேலை தீரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

மழைக்காலத்தில் இங்கே கரண்டு போகும். பின்னாலேயே டவரும் போகும். அம்பூரிப் பக்கம் கேட்கவே வேண்டாம். பணம் போனதா, போகவில்லையா என்று தெரியாமல் நிற்போம். உடனே இரண்டாம் தடவை அனுப்பாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். உங்கள் கணக்கில் பணம் குறைந்து, கடைக்காரருக்கு உறுதி வராவிட்டால் 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. இன்டர்நெட் இல்லாத பட்டன் போனில் *99# அடித்தும் பணம் அனுப்பலாம். அதில் தமிழும் உண்டு. இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸுக்குமான நோட்டைப் பெட்டியில் வைத்திருங்கள். நாடே அப்படித்தான் வைத்திருக்கிறது. 2016-ல் புழக்கத்தில் இருந்த நோட்டு சுமார் 18 லட்சம் கோடி ரூபாய். 2025 மார்ச்சில் அது 36 லட்சம் கோடிக்கும் மேல்.

மறுபடி அந்த அக்காவிடம் வருகிறேன். பணம் போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் ஏசுவார் என்று பயம். படித்தும் ஏமாந்தோமே என்று வெட்கம். நான்கு நாள் கழித்து என்னிடம் வந்தார். இருவரும் 1930-க்கு அடித்தோம். புகாரைப் பதிந்துகொண்டார்கள். ஆனால் பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவி, யாரோ கையில் எடுத்தும் போய்விட்டார்கள். வங்கியில், "நீங்களே பின் நம்பர் போட்டிருக்கிறீர்களே" என்றார்கள். அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை. ஆட்டை விற்றுத்தான் கடனை அடைத்தார்.

1930 என்பது சைபர் குற்றத்துக்கான அரசு எண். பணம் போன உடனே அடித்தால் அது போய்ச் சேர்ந்த கணக்கை நிறுத்திவைக்க வழி இருக்கிறது. நான்கு நாள் கழித்தால் கஷ்டம். வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். உங்கள் மேல் தவறே இல்லாமல் மூன்றாவது ஆள் திருடியிருந்தால், 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. பின் நம்பரை நீங்களே கொடுத்துவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. எழுதிக் கொடுத்த புகாருக்கு 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க எண் 14448.

இந்த இரண்டு எண்ணையும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் மட்டும் வைக்காதீர்கள். போனே தொலைந்தால் எங்கே பார்ப்பீர்கள்?

இப்போது எல்லோரும் போனை எடுங்கள். பணம் அனுப்பும் செயலியைத் திறந்து, மொழி என்ற இடத்துக்குப் போய்த் தமிழை வையுங்கள். மலையாளம் எளிது என்றால் அதை வையுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு ரூபாய் அனுப்புங்கள். பின் நம்பர் போடும் முன், மேலே இருக்கும் பெயரையும் தொகையையும் எனக்குக் கேட்கும்படி உரக்க வாசியுங்கள். பின் நம்பரை மட்டும் உரக்க வாசிக்காதீர்கள். கடைசி வரிசையில் இருந்து தொடங்கலாம். அந்த அக்காவும் அங்கேதான் இருக்கிறார். முதலில் வாசிக்கிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.