டியூட்டி நர்ஸும் கைக்குழந்தையும்

(தாய்ப்பால் வாரத்தையொட்டி நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் முப்பது வருடம் வார்டில் நின்று ஓய்வு பெற்றவள். நம் குடியிருப்பிலிருந்து இன்றும் பல பெண்கள் நர்ஸ் வேலைக்குப் போகிறார்கள். சிலர் திருவள்ளூர் அரசு மருத்துவமனைக்கு, சிலர் சிப்காட் பக்கம் தனியார் ஆஸ்பத்திரிக்கு, சிலர் கும்மிடிப்பூண்டியில் எலக்ட்ரிக் ரயில் ஏறிச் சென்னைக்கு.

பிரசவ வார்டில் "ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான்" என்று மற்ற தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் இந்த நர்ஸ்தான். அவருடைய குழந்தைக்கு அது கிடைக்கிறதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழக அரசுப் பணியில் நிரந்தரமாக இருப்பவருக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாத மகப்பேறு விடுப்பு. தனியாரில், 2017 சட்டத் திருத்தத்திலிருந்து, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் மிச்சம் 18 வாரம். குழந்தைக்கு நாலு மாதம் முடிந்ததும் டியூட்டி. ஒப்பந்த நர்ஸ்கள் இதற்கே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஒப்பந்த நிபந்தனையைக் காட்டி மகப்பேறு பயனை மறுக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2024இல்தான்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தர வேண்டும் என்பதும் சட்டம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும். ரோடோரத்துச் சின்ன நர்சிங் ஹோமில் ஐம்பது பேர் எங்கே? பெரிய இடத்திலும், முப்பது நோயாளிக்கு ஒரே நர்ஸ் என்றால் இடைவேளைக்கு யார் மாற்றி விடுவார்கள்? பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், போக வர இரண்டு மணி நேரம். மூன்று மணிக்கொரு தடவை பாலை எடுக்காவிட்டால் மார்பு கல்லாகிவிடும், பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும், நாளடைவில் சுரப்பே குறையும். துணி அடுக்கும் அறையில், சில சமயம் கழிப்பறையில் நின்று பீய்ச்சிக் கீழே ஊற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பால் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியது.

கையைச் சோப்பு போட்டுக் கழுவி, வெந்நீரில் கொதிக்க வைத்த மூடி போட்ட டப்பாவில் எடுத்தால் போதும். 25 டிகிரிக்குள் 4 மணி நேரம் தாங்கும். நம்மூர் வெயிலில் அதை நம்ப வேண்டாம், ஐஸ் பையில் வையுங்கள். ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில் 4 நாள். கதவுத் தட்டில் வைக்காதீர்கள். பாட்டிமார்களே, அந்தப் பாலை அடுப்பில் காய்ச்ச வேண்டாம். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, பாலாடையில் புகட்டுங்கள். மேலே ஆடை தனியாகப் பிரிந்து நின்றால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், அது இயல்பு.

ஆஸ்பத்திரியில் உங்கள் உறவினரைச் சேர்த்திருக்கும்போது "நர்ஸ் எங்கே போயிட்டாங்க?" என்று சத்தம் போடுமுன் பதினைந்து நிமிடம் பொறுங்கள். அவசரம் என்றால் பக்கத்து வார்டு நர்ஸைக் கூப்பிடலாம்.

சங்கத்துக்கு என் கோரிக்கை இரண்டு. அலுவலகத்துக்குப் பின்னால் பழைய நாற்காலி அடுக்கியிருக்கும் அறையைக் கைக்குழந்தைகளுக்கான காப்பகமாக்க வேண்டும், காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை. அங்கே ஒரு சின்ன ஃபிரிட்ஜ், அதற்கு ஜெனரேட்டர் இணைப்பு. கரண்ட் போனால் ஒரு தாய் சேர்த்து வைத்த பால் வீணாகும். ஆயா சம்பளத்தைப் பெற்றோர்களே பகிர்ந்துகொள்கிறார்கள். பகலில் வந்து மேற்பார்வை பார்க்கக்கூடிய பெரியவர்கள் அடுத்த பொதுக்குழுவுக்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். முதல் பெயர் என்னுடையது.