புதுச்சேரிப் படம் சொன்ன சாட்சி

கைபேசியை ஒரு சிற்பத்தின்முன் நீட்டியதும் அது இன்னதென்று கூறும் செயலிகள் வந்துவிட்டனவாயினும், ஒப்புநோக்குவதற்குப் பழைய படம் ஒன்று எங்கேனும் இருந்தாக வேண்டும் என்பதற்கு நமது புதுச்சேரியிலேயே, 1955-இல் தோன்றிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்திலேயே, சிறந்த திருஷ்டாந்தம் உண்டு. அந்நிறுவனத்தார் ஆலயந்தோறும் சென்று படம்பிடித்துச் சேர்த்த பொக்கிஷம் லட்சத்துக்கும் மேற்பட்டது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோய், 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கிய நடராஜர் எவ்வூர்ப் பெருமான் என்பதை நிரூபிக்கத் துணைநின்றது, 1994-இல் எடுக்கப்பட்ட புதுச்சேரிப் படமே. மெழுகு வார்ப்பில் ஒவ்வொரு விக்கிரகத்துக்கும் அச்சை உடைத்தே எடுக்கவேண்டுமாதலால், ஒன்றைப்போல் மற்றொன்று முற்றிலும் அமைவதேயில்லை. சடையின் நெளிவும், திருவாசியின் சுடரும், உலோகத்தின் சிறு வடுவுமே அதன் கைரேகை. எத்துணை அற்புதமான சாட்சி! 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே நேரில் வந்து, விருத்தாசலத்திலிருந்து களவுபோன அர்த்தநாரீசுவரரோடு அந்த நடராஜரையும் பாரத அரசிடம் ஒப்படைத்தார். உங்கள் ஊர் உற்சவ மூர்த்திகளை, ஆலய அதிகாரிகளின் அனுமதியோடு, முன்னும் பின்னும் தெளிவாகப் படமெடுத்து, உயரமும் தேதியும் குறித்து, இவ்வாரமே பத்திரப்படுத்துங்கள்.