இரும்பு போனாலும் கணக்கு போகவில்லை

(நம் முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. "நீ பார்த்த வேலையைப் பத்திச் சொல்லுப்பா, அது போதும்" என்று நம் செயலாளர் கொடுத்த தைரியத்தில்தான் நிற்கிறேன்.

படிப்பு முடிந்ததும் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் ஈ.டி.பி. பிரிவில் சேர்ந்தேன். தின்னனூரில் அரக்கோணம் லோக்கலைப் பிடித்து அம்பத்தூரில் இறங்குவேன். முப்பது வருஷம் அப்படியே ஓடிப்போனது. 1989-ல் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. டிஜிட்டல் நிறுவனத்தின் மைக்ரோவேக்ஸ்-2. இடுப்பளவுகூட வராத பெட்டி. அதற்குத் தனி அறை, ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். அதன் டிஸ்க் 71 மெகாபைட். இன்று பிள்ளைகள் போனில் எடுக்கும் ஒரு வீடியோவுக்கே அது போதாது. ஆனால் தொழிலாளர்களின் வருகை, சம்பளம், லீவு, சர்வீஸ் எல்லாம் அதில்தான் ஏறின.

2003-ல் சம்பளக் கணக்கு புதிய கம்ப்யூட்டருக்கு மாறியது. பழைய விவரங்களை மாற்றவில்லை. "வேக்ஸ்தான் இருக்கே, வேணும்னா போட்டுப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டோம். இதற்கிடையே டிஜிட்டல் நிறுவனத்தை 1998-ல் காம்பேக் வாங்கியது. காம்பேக்கை 2002-ல் எச்.பி. வாங்கியது. வேக்ஸ் தயாரிப்பும் நின்றது. உதிரிபாகத்துக்கு ரிச்சி தெருவில் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கியவன் நான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கீழ்த்தள ரெக்கார்டு ரூமில் தண்ணீர் புகுந்தது. பழைய மஸ்டர் ரோல்களெல்லாம் கூழாகிவிட்டன. அடுத்த சில மாதங்களில் ஒரு லேத் ஆப்பரேட்டர் ஓய்வு பெற இருந்தார். என்னிடம் வந்து, "சார், நான் 89-லேருந்து கேஷுவல். 95-லதான் பெர்மனென்ட் பண்ணாங்க. அந்த ஆறு வருஷம் கிராஜுவிட்டியில வருமா?" என்று கேட்டார்.

அப்போது நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டப்படி ஒரு வருஷ சர்வீசுக்கு 15 நாள் சம்பளம். ஆனால் இடைவெளி இருந்தால் அந்த ஆண்டில் 240 நாள் வேலை செய்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. சம்பளத்தோடு கூடிய லீவு, லே-ஆஃப் போன்றவையும் அதில் சேர்ந்தன. இதையெல்லாம் கணக்கிடும் புரோகிராம் வேக்ஸில்தான் இருந்தது. அதை எழுதியவர் காலமாகிவிட்டார்.

பேக்-அப் டேப்புகள் இருக்கின்றன என்ற தெம்பில் இருந்தேன். எடுத்துப் போட்டால் ஒன்றுகூட முழுதாகப் படிக்கவில்லை. வருஷா வருஷம் டேப் எடுத்து லேபிள் ஒட்டினேனே தவிர, ஒரு தடவைகூடத் திருப்பிப் படித்துப் பார்க்கவில்லை. அது முழுக்க என் தப்பு. பெட்டியும் பத்துத் தடவை ஆன் செய்தால் ஒரு தடவைதான் எழுந்தது.

ஒரு நாள் எழுந்தது. அணைக்கவே இல்லை. சீரியல் கேபிள் போட்டு, 9600 பாட் வேகத்தில், இரண்டு இரவும் ஒரு பகலும் டிஸ்க்கில் இருந்ததை வேறு கம்ப்யூட்டருக்கு இறக்கினோம். நான் நாற்காலியிலேயே தூங்கினேன். சில வாரங்களில் டிஸ்க் நின்றேவிட்டது.

சரி, விவரம் வந்துவிட்டது. அதை ஓட்ட வேக்ஸ் வேண்டுமே? இங்குதான் 'எமுலேட்டர்' வருகிறது. சாதாரண சர்வரில் ஓடும் ஒரு புரோகிராம் அது. வேக்ஸின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, வேக்ஸ் இருந்தால் என்ன செய்யுமோ அதையே செய்யும். வேக்ஸுக்குள் இருந்த 16 ரிஜிஸ்டர்களும் இங்கே நினைவகத்தில் 16 எண்கள். டிஸ்க் என்பது ஒரு ஃபைல். டெர்மினல் என்பது திரையில் ஒரு ஜன்னல். உள்ளே ஓடும் பழைய புரோகிராமுக்குத் தான் வீடு மாறியதே தெரியாது.

இது புதிய யோசனையும் அல்ல. 1960-களில் நம் இரயில்வேயில் சம்பளக் கணக்குக்கு ஐ.பி.எம். 1401 இயந்திரங்கள் வந்தன. அந்த 1401-க்கு எழுதிய புரோகிராம்கள் வீணாகக் கூடாது என்று, 1964-ல் அறிவித்த சிஸ்டம்/360-லேயே அதைப் போல நடிக்கும் வசதியை ஐ.பி.எம். வைத்தது. வேடிக்கை என்னவென்றால், எங்கள் மைக்ரோவேக்ஸே பெரிய வேக்ஸின் தசமக் கணக்குக் கட்டளைகள் சிலவற்றைச் சிப்பில் வைக்காமல் மென்பொருளால் ஒப்பேற்றிய பெட்டிதான். டிஜிட்டலில் பணிபுரிந்த பாப் சப்னிக் 1993-ல் தொடங்கிய 'சிம்-எச்' இலவசமாகவே கிடைக்கிறது. விலைக்கு விற்கும் எமுலேட்டர்களும் உண்டு. ஆனால் உள்ளே ஓடும் வி.எம்.எஸ். இயங்குதளத்துக்கு முறையான உரிமம் வேண்டும். அதை மறந்துவிடக் கூடாது.

நாங்கள் முதலில் ஒரு தொழிலாளி பத்திரமாக வைத்திருந்த 1994-ஆம் வருஷச் சம்பளச் சீட்டை வாங்கி, அதே மாதத்தை எமுலேட்டரில் ஓட்டினோம். பைசா பிசகாமல் ஒத்துப்போனது. பிறகுதான் லேத் ஆப்பரேட்டரின் கணக்கைப் போட்டோம். ஆறு வருஷத்தில் ஐந்து வருஷம் 240-க்கு மேல். 1991 மட்டும் 212 நாள்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. தாளைக் காட்டினேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அந்த வருஷம் அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு ஊர்லயே இருந்துட்டேன் சார். கணக்கு சரிதான்" என்றார். ஐந்து வருஷத்துக்கு 75 நாள் சம்பளம் கூடுதலாக அவர் கைக்கு வந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய உண்மையை, இல்லாத ஒரு இயந்திரம் சொன்னது.

இந்த ஊரில் நின்றுகொண்டு பூசலாரை நினைக்காமல் இருக்க முடியுமா? கல்லும் மரமும் வாங்கப் பணமில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய நாயனார். காஞ்சியில் மன்னன் கட்டிய கற்கோயில் குடமுழுக்கைத் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று என்கிறது பெரியபுராணம். அவர் பக்தி எங்கே, என் பிழைப்பு எங்கே! ஆனாலும் ஒன்று சொல்லலாம். கல் இல்லாமலும் கட்டலாம். ஆனால் எந்த இடத்தில் எது என்று அணு அணுவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்களில் பலர் பாங்க்கிலும், ஆஸ்பத்திரியிலும், தொழிற்சாலையிலும் பொறுப்பில் இருக்கிறீர்கள். ஒரு மூலையில் பழைய பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடும்போதே நகல் எடுங்கள். எடுத்த நகலைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். அதைத் தெரிந்த மனிதர் ஓய்வு பெறுமுன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். பெட்டி பழைய இரும்புக்குப் போகட்டும். அதற்குள் இருப்பது யாரோ ஒருவரின் உழைத்த நாட்கள்.