ஊரை அறிதல்

பழநிமலை அடிவாரத்துக் கன்னிவாடிக்குப் பிழைப்பு நாடிப் புதிதாய் வந்துசேரும் இளையோர்க்கு இவ்வூரைக் குறித்து முதலில் எதைச் சொல்வது? மதுரை நாயக்கர் காலத்துப் பாளையங்களுள் ஒன்று என்பர். பெருமைதான். ஆயினும் பாளையத்தில் ஆணை மேலிருந்து வந்தது. பேரூராட்சியிலோ வார்டு உறுப்பினரை மக்களே தேர்கின்றனர். இதைச் சொல்லாத ஊர் வரலாறு அரை வரலாறே.

உத்திரமேரூரைப் போற்றாத மேடை இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 30 குடும்புகளுக்கும் குடவோலை எடுத்த முறையை விரிக்கிறது. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அவ்வுரிமை என்பதை மேடைகள் விட்டுவிடுகின்றன. கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் இடமில்லை என்ற விதியோ இன்றும் பொறாமை கொள்ளத்தக்கது. குடத்துள் கைவிட்டு ஓலை எடுத்தவன் ஒரு சிறுவன். வேறுபாடு அறியாமையே அவனுக்குரிய தகுதி!

இன்று 18 வயதில் வாக்குரிமை. 21 வயதில் போட்டியிடும் உரிமை. அறியாமை இனித் தகுதியாகாது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி சிற்றூர்களில் கிராம சபை கூடுகிறது. பேரூராட்சி எல்லைக்குள் அச்சபை இல்லை. சிற்றூரிலிருந்து வரும் இளைஞன், எங்கே எழுந்து பேசுவதென்று அறியாது திகைக்கிறான். அவனுக்கு யாப்பு கற்பிக்குமுன், அவனது வார்டு எண்ணைச் சொல்லி, எரியாத தெருவிளக்குக்காகச் செயல் அலுவலர்க்கு ஒரு விண்ணப்பம் எழுதப் பயிற்றலாம். அதுவும் தமிழ்ப்பணியே, இவ்வட்டத்தின் மாதக் கூட்டத்தில் அதற்கு அரைமணி போதும்.