எண்ணக் கற்கும் குழந்தை

வீட்டிற்கு விருந்தினர் வந்தவுடன் தாய் தன் சிறு குழந்தையை அழைத்து, "மாமாவுக்கு ஒன்று, இரண்டு சொல்லிக் காட்டு, கண்ணே" என்று கேட்பது நம் இல்லங்களில் வழக்கம். குழந்தையும் கைகளைக் கட்டிக்கொண்டு இருபது வரையில் மூச்சு விடாமல் சொல்லி முடிக்கும். விருந்தினர் மகிழ்வர்; பெற்றோர் பெருமிதம் கொள்வர். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆயின் அதே குழந்தையின் முன்னே ஒரு தட்டு நிறைய நெல்லிக்காயை வைத்து, "இவற்றிலிருந்து எனக்கு நான்கு கொடு" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தையானால், பெரும்பாலும் கைக்கு அகப்பட்டதை அள்ளிக் கொடுத்துவிடும். இருபது வரையில் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு நான்கு தெரியவில்லை! இஃது எவ்வாறு? இதற்கு விடை காண்பதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

இதனை நான் முதலில் நூல்களிலிருந்து கற்கவில்லை. ஒரு சிறுவனுக்குத் தீங்கு செய்து கற்றேன். ஆசிரியர் பயிற்சியை முடித்து, 1983-ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் முதல் வகுப்பு ஆசிரியனாகச் சேர்ந்தேன். நகரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு வயலும் களமும் புதியவை. ஒருநாள் புளியங்கொட்டைகளைப் பரப்பி, பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணச் சொன்னேன். உழவுத் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து வந்தான். கொட்டைகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்துக்கொண்டே, "லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று எண்ணி நிறுத்தினான். வகுப்பு சிரித்தது. "ஒன்று என்று சொல்லத் தெரியாதா?" என்று அதட்டி, பிரம்பினால் அவன் உள்ளங்கையில் ஓர் அடியும் கொடுத்தேன். அடுத்து வந்த மாணவன் அதே ஐந்து கொட்டைகளின்மேல் விரலை ஓட்டியவாறு ஒன்பது வரையில் உரக்கச் சொன்னான். உச்சரிப்பு திருத்தமாக இருந்தது. கொட்டைகள் ஐந்துதான் என்பதை நான் எண்ணிப் பார்க்கவும் இல்லை. அவனைப் பாராட்டி அமரச் செய்தேன்.

தை மாதம் பிறந்தது. ஒரு மாலையில் களத்துமேட்டின் வழியே நடந்து சென்றேன். முதியவர் ஒருவர் மரக்காலால் நெல் அளந்துகொண்டிருந்தார். முதல் மரக்காலைச் சாய்க்கும்பொழுது "லாபம்" என்றார். அடுத்ததற்கு "ரெண்டு" என்றார். முதல் அளவை மங்கலச் சொல்லால் தொடங்குவது உழவர் மரபு என்பதை அன்றுதான் அறிந்தேன். அவர் அருகில் அந்தச் சிறுவன் அமர்ந்து, மரக்காலுக்கு ஒரு குச்சியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். "எத்தனை ஆயிற்று, தம்பி?" என்று கேட்டேன். "எட்டு சார்" என்றான். சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். குச்சிகளை எண்ணினேன். எட்டுத்தான் இருந்தன.

என் வகுப்பில் அன்று உண்மையாகவே எண்ணியவன் அவன், மற்றவன் ஒப்பித்தவன். எண்ணியவனை அடித்தேன், ஒப்பித்தவனைப் பாராட்டினேன். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதிருந்ததே என் பிழை.

எண்ணுதல் என்பது பெரியவர்களாகிய நமக்கு ஒரே செயலாகத் தோன்றுகிறது. ஆராய்ந்து பார்த்தால் அதனுள் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன. எண்ணுப்பெயர்களை எப்பொழுதும் ஒரே வரிசையில் சொல்லுதல் முதலாவது. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று, எதனையும் விடாமலும் எதனையும் இருமுறை தொடாமலும் பொருத்துதல் இரண்டாவது. கடைசியாகச் சொன்ன சொல்லே மொத்தத்தின் அளவு என்று உணர்தல் மூன்றாவது. கெல்மன், காலிஸ்டல் என்னும் உளவியல் அறிஞர் இருவர் 1978-இல் வெளியிட்ட நூலில் இவற்றை விளக்கியுள்ளனர். அச்சிறுவனிடம் மூன்றும் இருந்தன. முதற்சொல் "ஒன்று" ஆனால் என்ன, "லாபம்" ஆனால் என்ன? வரிசை மாறவில்லை, பொருத்தம் தவறவில்லை, முடிவும் பிழைபடவில்லை.

மூன்றாவது செயலே குழந்தைக்கு மிகக் கடினமானது. குழந்தை ஐந்து பொருள்களைச் சரியாக எண்ணி முடித்தவுடன், "எத்தனை இருக்கின்றன?" என்று கேளுங்கள். சில குழந்தைகள் விடை சொல்லாமல், மறுபடியும் "ஒன்று, இரண்டு" என்று தொடங்கிவிடும். கடைசிச் சொல் விடையாகும் என்பது அவற்றுக்கு இன்னும் விளங்கவில்லை என்பது இதனால் தெரியும். அப்பொழுது கடிந்துகொள்ளலாகாது. நாமே எண்ணிக் காட்டி, முடிவில் கையை வட்டமாகச் சுழற்றி, "ஆக மொத்தம் ஐந்து" என்று சொன்னால் போதும். பலநாள் கேட்டபின் குழந்தை தானே அவ்வாறு சொல்லும்.

இந்த அறிவு ஒரே நாளில் வருவதன்று. கேரன் வின் என்னும் அறிஞர் 1990, 1992 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதனைத் தெளிவாகக் காட்டின. "ஒன்று கொடு" என்றால் சரியாக ஒன்று கொடுக்கும் குழந்தை, "இரண்டு கொடு" என்றாலும் "மூன்று கொடு" என்றாலும் ஒரு பிடியை அள்ளிக் கொடுக்கும். சில மாதங்கள் சென்றபின் இரண்டு விளங்கும். பின்னர் மூன்று விளங்கும். இவ்வாறு படிப்படியாக ஏறிய பிறகு, எண்ணினால் எந்த அளவையும் அறியலாம் என்ற உண்மை குழந்தைக்குப் புலப்படுகிறது. ஆகவே, மூன்று இன்னும் விளங்காத குழந்தையை நூறு வரையில் ஒப்பிக்கச் செய்வது, அடித்தளம் இடாமல் மாடி கட்டுவது போன்றதாகும்.

எண்ணாமலே அளவை அறியும் திறமும் குழந்தைக்கு உண்டு. மூன்று, நான்கு வரையிலான பொருள்களைக் கண் ஒரே பார்வையில் கண்டுகொள்ளும். நம் பாட்டிமார் இத்திறத்தைப் பல்லாங்குழியில் வளர்த்தனர். அந்த ஆட்டத்தில் குழியொன்றில் சோழிகள் நான்கு சேர்ந்தால் அதற்குப் "பசு" என்று பெயர். குழிக்கு உரியவர் அதனை எடுத்துக்கொள்ளலாம். நான்கு சேர்ந்த அந்தக் கணத்திலேயே, "பசு!" என்று சிறுமி கூவுவாள். அவள் அங்கே ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பதில்லை; நான்கினைக் கண்ணால் காண்கிறாள். தாயக்கட்டையின் புள்ளிகளும் இத்தகைய பயிற்சியையே அளிக்கின்றன.

இனி, எண்களை எழுத்தால் அறியும் பயிற்சி. 1, 2, 3 என்பவற்றைப் பலகை நிறைய எழுத வைப்பதற்கு முன்னால், அந்த வடிவத்திற்கும் பொருள்களின் அளவிற்கும் உள்ள உறவைக் காட்டவேண்டும். 1939-இல் இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையார் இதற்கென்று ஒரு பெட்டியை அமைத்திருந்தார். அதில் 0 முதல் 9 வரை எழுதப்பட்ட பத்து அறைகள் உண்டு. 45 மரக்கோல்கள் உண்டு. எழுதியுள்ள எண்ணிற்கு ஏற்பக் குழந்தை கோல்களை இடவேண்டும். ஓரிடத்தில் தவறினால் முடிவில் கோல் மிஞ்சும், அல்லது குறையும். ஆசிரியர் திருத்தாமலே குழந்தை தன் பிழையைத் தானே உணர்ந்துகொள்ளும். பூச்சியத்தின் அறை வெறுமையாக நிற்பதைக் கண்டு அதன் பொருளையும் அறியும்.

நேயர்களே, இதற்குப் பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை. பத்துக் கிண்ணங்களும் 45 குச்சிகளும் போதும். முதலில் மூன்று வரையில் தொடங்கிப் பின்னர் மெல்லக் கூட்டிக்கொள்ளலாம். மிகச் சிறிய குழந்தைகளிடம் மட்டும் புளியங்கொட்டை, குன்றிமணி போன்றவற்றைக் கொடுத்தல் ஆகாது. வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும் பருவம் அது.

வீட்டு வேலைகளிலேயே எண்ணுப் பாடம் இருக்கிறது. "நாம் நால்வர் உண்ணப் போகிறோம், ஆளுக்கு ஒரு தட்டு வை" என்று சொல்லுங்கள். முதலில் குழந்தை ஒவ்வொருவருக்காகவும் சென்று ஒரு தட்டாகக் கொண்டுவரும். சில நாள் கழித்து நான்கு தட்டுகளை ஒருசேரக் கொண்டுவரும். அந்த மாறுதலே கல்வி. "மாமாவும் வருகிறார், இன்னும் எத்தனை வேண்டும்?" என்று அப்பொழுது கேளுங்கள்.

குழந்தை தவறினால் சினம் கொள்ள வேண்டா. ஜான் பியாஜே என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் 1941-இல் வெளிவந்த நூலில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். சம எண்ணிக்கையுள்ள இரண்டு வரிசைகளில் ஒன்றைச் சற்றே அகலப் பரப்பினால், நான்கைந்து வயதுக் குழந்தை நீண்ட வரிசையில்தான் மிகுதி என்று சொல்லிவிடும். அது மந்தபுத்தியன்று, வளர்ச்சியின் ஒரு படி. அந்தப் படியில் நிற்கும் குழந்தையை அடித்து மேலே ஏற்றிவிட முடியாது.

களத்துமேட்டைக் கண்ட மறுநாள், வகுப்பில் நானே புளியங்கொட்டைகளை எடுத்து, "லாபம், இரண்டு, மூன்று" என்று எண்ணினேன். பிறகு, "லாபம் என்பதும் ஒன்று என்பதும் இங்கே ஒரே இடத்தில் நிற்பவை" என்று விளக்கி, அச்சிறுவனை முன்னே அழைத்தேன். வந்தான், பிழையின்றி எண்ணினான். ஆனால் சொல்லுக்குச் சொல் என் முகத்தையே பார்த்துக்கொண்டான். அந்த ஆண்டு முழுவதும் அந்தப் பார்வை மாறவில்லை. ஐந்தாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது. வறுமையே பெருங்காரணம் என்று ஊரார் கூறினர். இருந்தாலும் அதில் என் பங்கு ஏதுமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன்பின் எண்ணுப் பாடத்திற்கு நான் பிரம்பை எடுத்ததில்லை.

இன்று மாலை உங்கள் வீட்டுக் குழந்தையிடம், "எத்தனை வரையில் சொல்லத் தெரியும்?" என்று கேட்பதை விடுத்து, "எனக்கு மூன்று கொடு" என்று கேளுங்கள். அது கொடுப்பதைப் பொறுமையோடு பெற்றுக்கொண்டு, அதனோடு அமர்ந்து எண்ணுங்கள்.