இரண்டு கட்டங்கள்

நம் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஒரு நூலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கையோடு கொண்டுவந்திருப்பது என் மனைவியின் பால் கணக்கு நோட்டு. பொறுத்தருள வேண்டும்.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்றதும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனோம். 1923-இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துக்கத்தை 31 ஆண்டுகள் நெஞ்சில் சுமந்து, 1954-இல் 12 படுக்கைகளோடு திறந்த இடம். அங்கே காத்திருந்த நாளெல்லாம் அந்த அம்மையாரை நினைத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

கீமோ ஏறினால் தட்டணுக்கள் இறங்கிவிடும். ஈறில் ரத்தம் கசியும்; கையெல்லாம் சிவப்புப் புள்ளி. தட்டணுக்களை வாங்கிச் சேர்த்து வைக்கவும் வழியில்லை, 5 நாள்தான் தாங்கும். திரும்பத் திரும்ப ஆள் வேண்டும். கடன் கேட்பதைவிடக் கூச்சம், ஒருவரிடம் ரத்தம் கேட்பது. நீங்கள் என்னைக் கேட்கவே விடவில்லை. செங்கல்பட்டில் விடியற்காலை ரயிலேறி வந்தீர்கள். ஊசி குத்திய கையை ஒரு மணி நேரத்துக்கு மேல் அசைக்காமல் படுத்திருந்து, கொடுத்துவிட்டு வேலைக்குப் போனீர்கள். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரம் காயாமல் வந்து நின்ற தம்பி, இதோ எதிரில் இருக்கிறார்.

போன ஆவணியில் அவள் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுகள் ஊர் திரும்பின. விளக்கு வைக்கிற நேரம் வந்தால் அந்த வீட்டுக்குள் எனக்கு இருப்புக் கொள்ளாது. நம் நூலகர் ஐயா தினமும் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாகப் பேசும் வரைக்கும் அவரும் பேசவில்லை. அந்த மௌனத்துக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

நோட்டுக்கு வருகிறேன். பின்பக்கத்தில் அவள் கை நடுங்க எழுதியிருக்கிறாள்: பெயர், ரத்த வகை, தேதி. நான்காவது கட்டத்தில், 'சாப்பிட்டார்'. கொடுத்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பிவிடாதீர்கள் என்று படுத்தபடியே என்னை விரட்டுவாள். மொத்தம் 19 பெயர்கள். இரண்டு பேருக்கு நேரே அந்தக் கட்டம் காலி. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடியவர்கள்.

இருவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். நாளை மதியம் வீட்டுக்கு வாருங்கள். நானே சமைக்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் உங்கள் கண்முன்னே அந்த இரண்டு கட்டங்களையும் எழுதிவிடுகிறேன்.